வயிற்றுவலிக்காரன் வேஷம்

மடிப்பாக்கம்,
சென்னை.

அன்புள்ள சரவணனுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நானும் பெரியம்மாவும் சௌக்கியம். போன வாரம் உன் அப்பன் போன் பண்ணி, எடுத்த எடுப்பில் உன்னைப் பற்றித்தான் பேசினான். பாதி கோபம், பாதி பயம். மறுநாள் காலையில் உன் வாட்ஸ்அப் வந்தது. பம்ப் கம்பெனி அக்கவுண்ட்ஸ் வேலையை இந்த மாதத்தோடு விடுகிறாய். சென்னைக்கு வந்து சினிமாவில் நடிக்க முயற்சி செய்யப் போகிறாய். எங்கள் மாடி அறை காலியாக இருந்தால் கொஞ்ச நாள் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். நாற்பதாயிரம் ரூபாய்க்கு போட்டோ எடுத்து, ஆல்பம் போட்டு, "எல்லா கம்பெனிக்கும்" அனுப்பி வைக்கிற ஒருத்தருடைய விசிட்டிங் கார்டும் கூடவே இருந்தது. கடைசியில், முகத்தில் பரு வடு இருக்கிறது, கலரும் கம்மி, அது ஒன்றுதான் கவலை என்று ஒரு வரி.

வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் தபால். நிதானமாகப் படி.

மாடி அறை காலிதான். வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. நடிக்க ஆசைப்பட்டவனை வேண்டாம் என்று சொல்லி யாரும் நிறுத்தியதாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் நீ போட்டிருக்கிற வரிசை எனக்குப் பிடிபடவில்லை. முதலில் வேலையை விடுவது, பிறகு போட்டோ, பிறகு வாய்ப்பு, அதற்கப்புறம் நடிப்பு என்று வைத்திருக்கிறாய். நடிக்க வருகிறவன் கணக்கில் நடிப்பு கடைசியில் நிற்கிறது பார், அதைத்தான் பேச வேண்டும்.

நம் உடுமலையிலிருந்து தாராபுரம் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். 1933 செப்டம்பர் 27-ல் அங்கே பிறந்தவர் நடிகர் நாகேஷ். நாகேஸ்வரன் என்று பெயர், வீட்டில் கூப்பிட்டது குண்டுராவ். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கடைசிவரைக்கும் ஒல்லிக்குச்சியாகவே இருந்தார். கன்னடம் பேசுகிற குடும்பம். அப்பா கிருஷ்ணராவுக்கு ரயில்வேயில் உத்தியோகம். கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கிற வயதில் பையனுக்கு அம்மை வார்த்தது. ஒரு தடவையோடு போகாமல் திரும்பத் திரும்ப வந்தது. படிப்பு நின்றது. முகம் முழுக்கத் தழும்பு விழுந்தது.

உன்னுடைய பரு வடுவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இதை முதலில் சொன்னேன். நீ பிறந்தபோது அம்மைத் தழும்பு முகங்கள் ஊரில் அநேகமாக இல்லாமல் போய்விட்டன. அதனால் அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய நியாயமில்லை. பவுடர் போட்டால் குழிகள் இன்னும் எடுத்துக் காட்டும். அந்த முகத்தோடு, ஜெமினி கணேசனும் எம்.ஜி.ஆரும் திரையில் இருந்த காலத்தில், ஒருவர் நடிக்க வருகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார். அப்படி வந்தவருடைய முகத்தைத்தான் பின்னால் ஒரு பத்து வருஷம் தமிழ்நாடே பார்த்துச் சிரித்தது.

வீட்டை விட்டுக் கிளம்பிக் கிடைத்த வேலைகளையெல்லாம் பார்த்துவிட்டு, மெட்ராசில் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். இந்த இடத்தை நீ வேகமாகப் படித்துவிட்டுப் போய்விடக் கூடாது. நாகேஷின் கதையைச் சொல்கிறவர்கள் 'திருவிளையாடல்' தருமியிலும் 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியிலும் ஆரம்பிப்பார்கள். எனக்கு அவர் கதையில் முக்கியமான இடம் அந்த ரயில்வே ஆபீஸ்தான்.

அந்தக் காலத்தில் மெட்ராசில் எந்தப் பெரிய ஆபீசை எடுத்தாலும் ரிக்ரியேஷன் கிளப் என்று ஒன்று இருக்கும். ஒரு கேரம் போர்டு, ஒரு செஸ் போர்டு, வருஷத்துக்கு ஒரு நாடகம். எங்கள் ஆபீசிலும் இருந்தது. நான் அதில் ப்ராம்ப்டராக சைட் விங்கில் நின்றவன். ஆபீஸ் நாடகத்தில் வேஷம் பிரிக்கிற முறை ஒன்று உண்டு. ஹீரோ வேஷம் சூப்பிரண்டெண்ட்டுக்கு. வயசு ஐம்பதானாலும் சரி, கல்லூரி மாணவனாக அவர்தான் வருவார். வில்லன் வேஷம் யூனியன் செக்ரட்டரிக்கு, யாரும் மறுத்துப் பேச முடியாது. ஹெட் கிளார்க்குக்கு அப்பா வேஷம். மிச்சம் மீதி இருக்கிற போஸ்ட்மேன், வேலைக்காரன், டாக்டர் வீட்டுக்கு வருகிற நோயாளி, இவையெல்லாம் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு. அந்த வேஷங்களுக்கு ஒத்திகையே நடக்காது. "நீ வந்து நின்னுட்டுப் போயிடுப்பா" என்பார்கள்.

ரயில்வே நாடகத்தில் நாகேஷுக்குக் கிடைத்தது அந்த மாதிரி வேஷம்தான். வயிற்றுவலி என்று டாக்டரிடம் வருகிற ஆள். சில நிமிஷம் மேடையில் நின்றுவிட்டு உள்ளே போய்விட வேண்டியது. அந்தச் சில நிமிஷத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பார்த்து சபை சிரித்து உருண்டிருக்கிறது. நாடகத்துக்குத் தலைமை வகிக்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். கடைசியில் மேடை ஏறிப் பேசும்போது, கொஞ்ச நேரமே வந்த அந்த வயிற்றுவலிக்காரரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டி, நடிப்புக்கான கோப்பையையும் அவருக்கே கொடுத்தார். அந்த நாடகத்தில் ஹீரோவாக நடித்தது யார், கதை என்ன என்று இன்றைக்கு யாருக்காவது தெரியுமா? வயிற்றுவலி மட்டும் நிற்கிறது.

எம்.ஜி.ஆர். வந்தார், பார்த்தார், அதிர்ஷ்டம் அடித்தது என்று இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. எம்.ஜி.ஆர். ஆபீஸ் நாடகங்களுக்குத் தலைமை வகிப்பது அன்று அதிசயமில்லை. எத்தனையோ நாடகம் பார்த்திருப்பார், எத்தனையோ வேலைக்காரர்களும் போஸ்ட்மேன்களும் அவர் எதிரே வந்து நின்றுவிட்டுப் போயிருப்பார்கள். நின்றுவிட்டுப் போகச் சொன்ன இடத்தில் ஒருவர் வயிற்றுவலியோடு வந்தார். வலி எங்கே ஆரம்பிக்கிறது, நடக்கும்போது எந்தப் பக்கம் இழுக்கிறது, டாக்டர் கேள்வி கேட்கும்போது அது எப்படிக் கூடுகிறது என்றெல்லாம் முன்னாலேயே யோசித்து வைத்திருக்காவிட்டால் அந்தச் சிரிப்பு வராது. அத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த இடம் ஆபீஸ் நாடகம், சம்பளம் கொடுத்தது ரயில்வே.

வேலை பார்த்துக்கொண்டே நடிப்பது அரைகுறை வேலை என்று உனக்கு ஒரு நினைப்பு இருப்பதாகத் தெரிகிறது. "முழு மூச்சாக இறங்கணும் பெரியப்பா" என்று எழுதியிருந்தாய். நாகேஷுக்கு வாழ்வு கொடுத்த கே. பாலசந்தர் யார்? முத்துப்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு மெட்ராசில் ஏ.ஜி. ஆபீசில் உத்தியோகம். பகலில் கணக்குத் தணிக்கை, சாயங்காலம் நாடகம். எம்.ஜி.ஆர். நடித்த 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதியபோதும் அவர் ஏ.ஜி. ஆபீஸ்காரர்தான். பூர்ணம் விசுவநாதன் ஆல் இந்தியா ரேடியோவில் செய்தி வாசித்தவர். டெல்லி கணேஷ் விமானப் படையில் பத்து வருஷம் இருந்தவர்; டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்து நடித்துத்தான் பேரோடு டெல்லி ஒட்டிக்கொண்டது. கிரேஸி மோகன் இன்ஜினியர். இவர்களில் யாரும் மாடி அறையில் படுத்துக்கொண்டு போன் வருமா என்று காத்திருக்கவில்லை. மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. அதனால் பிடிக்காத வேஷத்தை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, பிடித்த வேஷத்தைக் காசில்லாமலும் செய்ய முடிந்தது.

அதற்காகக் கஷ்டமே படாமல் வந்தார்கள் என்று எண்ணிவிடாதே. நாகேஷ் தி. நகரில் தங்கியிருந்த காலத்தில் கூட இருந்த சிநேகிதர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்துக்காரரான கவிஞர் வாலி. இருவரும் கையில் இருந்ததைப் பங்கிட்டுக்கொண்டு காலம் தள்ளியவர்கள். வாலிக்குப் பாட்டு எழுதச் சான்ஸ் சரியாக அமையாமல், போதும் என்று மதுரைப் பக்கம் வேலைக்குப் போய்விடலாம் என்று மூட்டை கட்டிய கட்டம்கூட உண்டு. 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ஒரு பாட்டை அந்த நேரத்தில் கேட்டு மனசை மாற்றிக்கொண்டதாக அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். மெட்ராஸ் அப்போதும் சோறு போடுவதற்கு முன்னால் ரொம்ப நேரம் காக்க வைக்கிற ஊர்தான்.

1950-களின் கடைசியில் சினிமாவுக்கு வந்த நாகேஷுக்கு முதலில் வந்ததெல்லாம் துண்டு துக்கடா வேஷங்கள். 1959-ல் 'தாமரைக்குளம்'. அதற்கப்புறம் நாலைந்து வருஷம் வந்தும் வராமலும் ஓடியது. 1964-ல்தான் கதவு திறந்தது. பிப்ரவரியில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', அந்த வருஷக் கடைசியில் 'சர்வர் சுந்தரம்'. சர்வர் சுந்தரம் பாலசந்தர் எழுதிய மேடை நாடகம், ஏவி.எம். அதைப் படமாக எடுத்தது, டைரக்‌ஷன் கிருஷ்ணன்-பஞ்சு. ஹோட்டலில் டம்ளர் சுமக்கிற, பார்க்க லட்சணம் இல்லாத ஒருவன் சினிமா நடிகனாகிற கதை. அம்மைத் தழும்பு முகத்தை மறைக்காமல் அந்த முகத்தையே கதையாக எழுதிவிட்டார் பாலசந்தர். ஆனால் ஒன்று கவனி: எழுதியவர் முதலில் அந்த முகத்தை மேடையில் பார்த்திருந்தார். ஆல்பத்தில் பார்த்து எழுதவில்லை.

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற சீன் உனக்குத் தெரியும். உன் போனில் அது பத்து தடவையாவது வந்து போயிருக்கும். ஓகோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா, படம் எடுக்கப் பணம் வேண்டும் என்பதற்காக அப்பாவை உட்கார வைத்து ஒரு பயங்கரக் கதை சொல்கிறான். எல்லாரும் அதை நாகேஷ் சீன் என்கிறார்கள். இன்று ராத்திரி ஒரு காரியம் செய். சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பார். முதலில் அலட்சியமாக உட்கார்ந்திருக்கிறவர், கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் இழுபட்டு, கண் விரிந்து, வாய் கோணி, கடைசியில் பயந்து நடுங்குகிற வரைக்கும் பார். அவர் பயப்படப் பயப்படத்தான் நாகேஷ் மேலே மேலே போகிறார். பாலையா 1936-ல் 'சதி லீலாவதி' காலத்திலிருந்து நடிக்கிறவர். புதிதாக மேலே வருகிற ஒரு பையனுக்கு அந்த சீனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கொண்டு உட்கார்ந்தே பாதியைத் தன்னுடையதாக்கிக் கொண்டார். எதிராளி பேசும்போது நீ என்ன செய்கிறாய் என்பதில்தான் பாதி நடிப்பு. நீ எனக்கு அனுப்பிய ரீல்ஸ் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீ ஒருவனே பேசுகிறாய். எதிரே ஆள் இல்லை. யாரோ பேசி வைத்த வசனத்துக்கு வாயசைக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது, பெரியம்மா ரசித்துப் பார்த்தாள். ஆனால் அதில் நீ இன்னும் நடிக்கவே ஆரம்பிக்கவில்லை என்பது என் கணக்கு.

இன்னொன்று, தருமி. 'திருவிளையாடல்' 1965-ல் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். சிவாஜி, சாவித்திரி, கே.பி. சுந்தராம்பாள், டி.ஆர். மகாலிங்கம், பாலையா என்று அத்தனை பெரிய ஆட்கள் இருக்கிற படம். அதில் நாகேஷ் வருவது கொஞ்ச நேரம். ஆயிரம் பொற்காசுக்கு ஆசைப்பட்டுப் பாட்டெழுத வராமல் கோயிலில் நின்று தனியாகப் புலம்புகிற ஏழைப் புலவன். அந்தப் புலம்பலை அவர் சொந்தமாகக் கட்டி நடித்தார் என்றும், படம் போட்டுப் பார்த்த சிவாஜி அதில் எதையும் வெட்டக் கூடாது என்று டைரக்டர் ஏ.பி. நாகராஜனிடம் சொன்னார் என்றும் சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. கதை எப்படியோ, திரையில் இருப்பதைப் பார். சிவபெருமான் புலவர் வேஷத்தில் பாட்டு தருகிறேன் என்று சொன்னதும் தருமிக்கு ஆசையும் சந்தேகமும் ஒரே நேரத்தில் வருகிறது. வாய் துடுக்காகப் பேசுகிறது; கால் மட்டும் ஓடத் தயாராகப் பின்னால் வாங்குகிறது. கேள்வி கேட்கும்போது நிமிர்கிற முதுகு, பதில் வந்ததும் வளைகிறது. பிறகு சபையில் நக்கீரர் குற்றம் சொல்லும்போது (நக்கீரராக நடித்தது நாகராஜனேதான்) நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்த ஆள் அப்படியே ஒடுங்கிப் போகிறான். பரிசு போகிறதே என்கிற பதைப்பு அந்த ஒல்லி உடம்பு முழுக்க ஓடும். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், யோசித்தால் அது பசிக்கிறவனுடைய சீன். ஆபீஸ் நாடகத்து வயிற்றுவலிக்கும் கோயில் மண்டபத்துத் தருமிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கிடைத்தது கொஞ்ச நேரம், அதற்குள் முழு மனுஷன்.

அதற்கடுத்த வருஷங்களை நான் வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை. பாலசந்தர் டைரக்டரான முதல் படம் 'நீர்க்குமிழி'யில் (1965) நாகேஷ்தான் நாயகன். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வராத கதை. 1968-ல் 'எதிர்நீச்சல்' மாது, அதே வருஷம் 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி. மாது, மாடிப்படிக்கடியில் குடியிருந்துகொண்டு வீட்டுக்கு வீடு எடுபிடி செய்து சாப்பிட்டுப் படிக்கிற அநாதை. வைத்தி, பெண்ணையும் பெரிய மனிதர்களையும் சேர்த்து வைத்துக் காசு பார்க்கிற தரகன். ஒரே வருஷத்தில் ஒருத்தனுக்காக அழுதோம், இன்னொருத்தனைக் கண்டு அருவருத்தோம். இரண்டு பேருக்கும் முகம் அதே தழும்பு முகம்தான்.

பிறகு இறக்கமும் வந்தது. 1970-களில் தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று வேறு ஆட்கள் எழுந்தார்கள். நாகேஷ் இல்லாமல் படம் இல்லை என்றிருந்த காலம் போய், எப்போதாவது ஒரு படம் என்று ஆனது. நீ கேட்காத கேள்வி இதுதான் சரவணா: வாய்ப்பு வந்த பிறகு அது போனால் என்ன செய்வாய்? அவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் குடிகார டாக்டர். சுவரில் விழுகிற தன் நிழலோடு கிளாஸை உயர்த்திப் பேசுகிற வேஷம். எதிரே நடிக்க மனிதரே இல்லை. 1989-ல் 'அபூர்வ சகோதரர்க'ளில் கொடூரமான வில்லன், டெல்லி கணேஷும் அதே கூட்டத்தில் இன்னொரு வில்லன். தமிழ்நாட்டைப் பத்து வருஷம் சிரிக்க வைத்தவரைப் பார்த்து தியேட்டரில் ஜனங்கள் பயந்தார்கள். 1994-ல் 'மகளிர் மட்டும்'. அதில் அவர் பிணம். மூன்று பெண்கள் தங்கள் மேலதிகாரி என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு அலைகிற பிணம். ஒரு வரி வசனம் கிடையாது, கண்ணைத் திறக்க முடியாது, மூச்சு வாங்குவது தெரியக் கூடாது. இருந்தும் தியேட்டர் அதிர்ந்தது. வசனமில்லாத வேஷம் என்று நீ அலுத்துக்கொள்கிற அன்றைக்கு அந்தப் பிணத்தை நினைத்துக்கொள்.

அதே வருஷம் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பன். அதற்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது, ஆஷிஷ் வித்யார்த்தியோடு பங்கு போட்டு. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தருமிக்கு வரவில்லை, மாதுவுக்கு வரவில்லை. பத்ம விருது கடைசிவரை எதுவும் கிடையாது. 2009 ஜனவரி 31-ல் இறந்தார். விருது கொடுக்கிறவர்களுடைய கண்ணைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். நீ அதை நம்பி வராதே.

எல்லாரும் நாகேஷ் ஆகிவிட முடியாது என்று உன் அப்பன் சொல்வான். சரிதான். எங்கள் கிளப்பில் ஒருவர் இருந்தார். அழ வைப்பார், சிரிக்க வைப்பார், சபாவில் அவர் நுழைந்தாலே கைதட்டல். சினிமாவில் ஒரு படத்தில்கூட அவர் முகம் வரவில்லை. ரிட்டயராகிற வருஷம்வரை நாடகத்தில் நடித்துக்கொண்டே இருந்தார். அவர் வாழ்க்கை வீண் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, அவரும் நினைக்கவில்லை. பென்ஷன் வாங்குகிறார், பேத்திக்கு வசனம் சொல்லிக் கொடுக்கிறார். நீ நடிகனாக வேண்டுமா, சினிமாவில் தெரிய வேண்டுமா என்று உன்னை நீயே ஒரு தடவை கேட்டுப் பார். இரண்டும் சேர்ந்து வந்தால் பாக்கியம். இரண்டாவது வராமல் போனாலும் முதலாவதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்க முடியுமானால் நீ வரலாம்.

இப்போது ஆபீஸ் நாடகம் எங்கே இருக்கிறது என்று கேட்பாய். இல்லைதான். கேரம் போர்டும் போய்விட்டது. ஆனால் எதிரே உயிருள்ள ஆட்களை வைத்துக்கொண்டு நடிக்கிற இடங்கள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. விஜய் சேதுபதி துபாயில் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பி வந்து, ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்காளராகத்தான் சேர்ந்தார். அங்கே நடிக்கிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். 'புதுப்பேட்டை'யில் கூட்டத்தோடு ஒருவர், 'வெண்ணிலா கபடிக் குழு'வில் கூட்டத்தோடு ஒருவர், கூடவே குறும்படங்கள். 'தென்மேற்குப் பருவக்காற்று' 2010-ல்தான் வந்தது. உன்னைப் போல அக்கவுண்ட்ஸ்காரர், கவனி. பசுபதியும் அதே பட்டறையில் இருந்து வந்தவர். குறும்படம் எடுக்கிற பையன்கள் கோயமுத்தூரில் இன்றைக்கு ஒவ்வொரு காலேஜிலும் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கேமரா இருக்கிறது, நடிக்க ஆள்தான் இல்லை. சனி ஞாயிறு போய் நில். போஸ்ட்மேன் வேஷம் கொடுத்தால் வாங்கிக்கொள். அந்தப் போஸ்ட்மேனுக்குச் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு போ.

சத்தம் போட்டுப் படி. உனக்கு 'ழ' சரியாக வருகிறது, நம் ஊர் இழுப்பும் இருக்கிறது. அந்த இழுப்பை விட்டுவிடாதே, ஆனால் வேண்டும்போது நிறுத்தவும் பழகு. புதுமைப்பித்தன் கதை ஒன்று, அன்றைய பேப்பரில் ஒரு செய்தி, தினமும் கால் மணி நேரம். உன் அம்மாவை எதிரே உட்கார வைத்து அவள் முகத்தைப் பார்த்துப் படி. அவள் டி.வி. பக்கம் திரும்பினால் நீ சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். சபைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

அந்த நாற்பதாயிரத்தைக் கொடுக்காதே. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. நடிக்கிறவனுக்குக் காசு கொடுப்பதுதான் சினிமா கம்பெனி. நடிக்க வருகிறவனிடம் காசு வாங்குகிறவன் வேறு தொழில் செய்கிறான். ஆடிஷனுக்குக் கூப்பிடுகிறவர்கள் கேட்பது மேக்கப் இல்லாத இரண்டு மூன்று படமும் ஒரு நிமிஷ வீடியோவும். அதை உன் சிநேகிதன் போனில் எடுத்துவிடலாம். வடு தெரியட்டும். உன்னை வைத்து எடுக்க நினைப்பவர்கள் அந்த வடுவோடுதான் எடுக்கப் போகிறார்கள். ரகசியமாகச் சிவப்புக் களிம்பு, வெள்ளைக் களிம்பு என்று எதையாவது வாங்கிப் பூசி முகத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. பெரியம்மா இதைத் தனியாக எழுதச் சொன்னாள்.

வேலை விஷயத்தில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இப்போது விடாதே. இரண்டு வருஷம் இரு. அந்த இரண்டு வருஷத்தில் மேடையிலோ குறும்படத்திலோ முகம் தெரியாத பத்துப் பேர் உன்னைப் பார்த்து, வீட்டுக்குப் போன பிறகும் உன் வேஷத்தைப் பற்றிப் பேசினார்கள் என்றால் நானே உன் அப்பனிடம் வந்து பேசுகிறேன். மாடி அறைச் சாவியும் அன்றைக்குத் தருகிறேன், வாடகை வேண்டாம், கரண்ட் பில் மட்டும் உன் பொறுப்பு. அப்படி ஒன்றும் நடக்காவிட்டாலும் உனக்கு இழப்பு இல்லை; சம்பளமும் இருக்கும், நாடகமும் இருக்கும்.

ராஜினாமா கடிதம் டைப் அடித்து வைத்திருந்தால் அதை அனுப்பாமல் வை. உன் அப்பனுக்கு இன்றைக்கே போன் பண்ணு. அவன் கத்துவான், கத்தி முடிகிறவரை பேசாமல் கேள், அதையும் ஒத்திகையாக வைத்துக்கொள். கோடையில் இங்கே கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழா நடக்கும்போது நாலு நாள் லீவு போட்டுவிட்டு வா. டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன். முன் வரிசை வேண்டாம், சைட் விங் தெரிகிற மாதிரி ஓரத்து சீட்டாகப் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா